ஜாயின் போட்டதும் தொகை பெருகுகிறதா? எஸ்க்யூஎல்லில் சரியான கூட்டுத்தொகை எடுக்க ஒரு வழிகாட்டி

மதுரை விளக்குத்தூண், மாசி வீதிப் பகுதிகளில் சேலை மொத்த வியாபாரம் செய்யும் கடைகளுக்கு விற்பனை, வசூல், பாக்கி அறிக்கைகளை எழுதிக்கொடுப்பது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மொழியின் செலக்ட் (தரவை எடுப்பது), ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது), குரூப் பை (குழுவாகத் தொகுப்பது) மூன்றையும் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனாலும் முதல் பாக்கி அறிக்கையிலேயே தொகை இரண்டு மடங்காகவும் மூன்று மடங்காகவும் வந்து நிற்கும்போது, தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியான குவெரியில் பிழைச்செய்தி எதுவும் இல்லாததால், எங்கே தேடுவது என்று தெரியாமல் திகைத்துப்போகிறார்கள். இதைத் தட்டுத்தடுமாறிக் கற்ற காலத்தில் தமிழில் படிப்படியாகச் சொல்லித்தரும் கட்டுரை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும். அட்டவணைகளுக்கும் நெடுவரிசைகளுக்கும் தமிழ்ப் பெயர் வைத்தால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் மூன்றுமே ஏற்றுக்கொள்ளும். ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் என்பதால் பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அட்டவணைகளின் அமைப்பு. எந்த அட்டவணையில் எது முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் நெடுவரிசை), எந்த நெடுவரிசை வேறு எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மென்பொருள் எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நீங்களே திறந்து பார்த்து வரையுங்கள்.

இரண்டாவது, மூன்று பில்களின் அச்சு நகலும் அவற்றுக்குரிய பேரேட்டுப் பக்கங்களும். எந்த மூன்று என்பது முக்கியம். பல உருப்படிகள் கொண்டு, பல தவணைகளில் பணம் வந்த பில் ஒன்று. இதுவரை ஒரு ரூபாயும் வராத பில் ஒன்று. ஒரே தொகை இரண்டு முறை வந்து முடிந்த பில் ஒன்று. இந்த மூன்றிலும் உங்கள் குவெரி சரியாக விடை சொன்னால் பெரும்பாலான கண்ணிகளைக் கடந்துவிட்டீர்கள்.

மூன்றாவது, தரவுத்தளத்தின் காப்பு நகல். செலக்ட் எதையும் அழிக்காது என்பது உண்மைதான். ஆனாலும் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், சரியாக எழுதப்படாத ஜாயின் ஒன்றை நேரடித் தரவுத்தளத்தில் ஓட்டினால் கவுண்ட்டரில் பில் அச்சாகத் தாமதமாகும். வெளியூரிலிருந்து வந்து மூட்டை கட்டக் காத்திருப்பவர்கள் பொறுக்கமாட்டார்கள்.

2. ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று எழுதி வையுங்கள்

ஒவ்வொரு அட்டவணையின் பெயருக்கும் பக்கத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். 'பில்' அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு பில். 'பில்_உருப்படி' அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு பில்லில் உள்ள ஒரு சேலை ரகம். 'வரவு' அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு முறை வந்த பணம். 'வாடிக்கை' அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு வாடிக்கையாளர். பிறகு, நீங்கள் எடுக்கப்போகும் அறிக்கையில் ஒரு வரிசை எதைக் குறிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: பில்லுக்கு ஒன்றா, வாடிக்கையாளருக்கு ஒன்றா, மாதத்துக்கு ஒன்றா?

இதை எழுதாமல் குவெரி எழுத உட்காராதீர்கள் என்பதே என் ஒரே பிடிவாதம். கூட்டுத்தொகை தப்பாகும் இடங்களில் பெரும்பாலானவை, சம் (கூட்டுத்தொகை) போடுகிற நேரத்தில் கைவசம் இருக்கும் வரிசை எதைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போன இடங்கள்தான்.

3. தொகை ஏன் பெருகுகிறது: மூன்று பில்களில் பாருங்கள்

பில் 101 தேனிக் கடைக்குப் போனது. அதில் மூன்று உருப்படிகள்: 4,000, 6,000, 5,000. மொத்தம் 15,000. பணம் இரண்டு தவணையாக வந்தது: 5,000, 7,000. மொத்தம் 12,000. பாக்கி 3,000.

பில் 102 திண்டுக்கல் கடைக்கு. இரண்டு உருப்படிகள், இரண்டுமே 8,000. மொத்தம் 16,000. பணம் எதுவும் வரவில்லை.

பில் 103 சிவகங்கைக் கடைக்கு. ஒரே உருப்படி, 9,000. பணம் 4,500, 4,500 என்று இரண்டு முறை வந்து கணக்கு முடிந்துவிட்டது.

ஆக உண்மையான விற்பனை 40,000, வசூல் 21,000, பாக்கி 19,000.

இப்போது பில்லோடு உருப்படியையும் வரவையும் பில்_ஐடியால் (ஒவ்வொரு பில்லுக்கும் தரவுத்தளம் வைக்கும் தனி எண்ணால்) ஒரே மூச்சில் இணைத்தால் 101-ஆம் பில்லுக்கு என்ன வரும் என்று பாருங்கள். இடப்பக்கம் உருப்படித் தொகை, வலப்பக்கம் வரவுத் தொகை:

4,000 | 5,000
4,000 | 7,000
6,000 | 5,000
6,000 | 7,000
5,000 | 5,000
5,000 | 7,000

மூன்று உருப்படிகளும் இரண்டு வரவுகளும் ஆறு வரிசைகளாகிவிட்டன. எந்த வரவு எந்த உருப்படிக்கு என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது; இரண்டும் ஒரே பில்லைச் சேர்ந்தவை என்பதால் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் கோத்துவிடுகிறது. கூட்டினால் விற்பனை 30,000, வசூல் 36,000. பாக்கி கழித்தல் 6,000. அதாவது, நமக்கு 3,000 தர வேண்டிய தேனிக் கடைக்கு நாம் 6,000 தர வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது.

இதைவிட ஆபத்தான ஒன்று இந்த மூன்று பில்களிலேயே இருக்கிறது. லெஃப்ட் ஜாயின் (வரவு இல்லாத பில்லையும் விடாமல் வைத்திருக்கும் இணைப்பு) போட்டு மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் விற்பனை 64,000 என்றும் வசூல் 45,000 என்றும் வரும். இரண்டுமே தவறு. ஆனால் 64,000-இல் 45,000 போனால் 19,000. பாக்கி மட்டும் கச்சிதமாகச் சரியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது! விற்பனையும் 24,000 கூடியிருக்கிறது, வசூலும் 24,000 கூடியிருக்கிறது என்பதால் கடைசி வரி மட்டும் தப்பித்துக்கொண்டது. முதலாளி அடிவரியை மட்டும் பார்த்து 'சரியாத்தானே இருக்கு' என்று சொல்லிவிட்டால் இந்த அறிக்கை மாதக்கணக்கில் ஓடும். ஆகவே கடைசி எண் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு குவெரியை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

எந்த இணைப்பு பெருக்கும், எந்த இணைப்பு பெருக்காது என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. உருப்படியிலிருந்து பில்லுக்கும், பில்லிலிருந்து வாடிக்கையாளருக்கும் போகும் இணைப்பில் மறுபக்கம் ஒரே ஒரு வரிசைதான் கிடைக்கும். உருப்படித் தொகையை நிம்மதியாகக் கூட்டலாம். பில்லிலிருந்து உருப்படிக்கோ வரவுக்கோ இறங்கும் இணைப்பில் மறுபக்கம் பல வரிசைகள் கிடைக்கும். அப்போது பில்லின் தலைப்பில், அதாவது பில் அட்டவணையில், உள்ள தொகைகள் பெருகும். லாரி வாடகை பில்லின் தலைப்பில் 300 என்று ஒரே முறை பதிவாகியிருந்தால், உருப்படியோடு இணைத்ததும் 101-ஆம் பில்லுக்கு அது 900 ஆகிவிடும். இப்படி இறங்கும் இணைப்புகள் ஒரே குவெரியில் இரண்டு இருந்தால், இரண்டு பக்கத் தொகையுமே கெடும்.

4. டிஸ்டிங்க்ட் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள்

தொகை பெருகுவதைக் கண்டதும் பலரும் செய்வது, சம்முக்குள் டிஸ்டிங்க்ட் என்று எழுதுவது. 101-ஆம் பில்லுக்கு அது சரியான விடையையே தரும்: விற்பனை 15,000, வசூல் 12,000. அங்கேதான் மனம் ஏமாறுகிறது. 102-ஆம் பில்லில் இரண்டு உருப்படிகளும் 8,000 என்பதால் ஒன்றை விழுங்கிவிட்டு 8,000 என்று காட்டும். 103-ஆம் பில்லில் இரண்டு 4,500-இல் ஒன்றை விழுங்கிவிட்டு, கணக்கு முடித்த சிவகங்கைக் கடைக்காரரிடம் இன்னும் 4,500 பாக்கி என்று சொல்லும். அவரிடம் போய் வசூல் கேட்டால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சம்முக்குள் வரும் டிஸ்டிங்க்ட், ஒரே தொகையை ஒரே வரிசை என்று எண்ணிக்கொள்கிறது. தவணை வியாபாரத்தில் ஒரே தொகை திரும்பத் திரும்ப வருவது அன்றாடம். பில்களை எண்ணுவதற்குக் கவுண்ட்டுக்குள் டிஸ்டிங்க்ட் பில்_ஐடி என்று எழுதுவது நியாயம். ரூபாயைக் கூட்டுவதற்கு அது ஆகாது.

5. முதலில் கூட்டுங்கள், பிறகு இணையுங்கள்

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். ஒவ்வொரு கிளை அட்டவணையையும் (உருப்படி, வரவு) அறிக்கையின் நிலைக்குத் தனித்தனியாகக் கூட்டி, பில்லுக்கு ஒரு வரிசை என்று ஆக்கிவிட்டு, அதன் பிறகு மட்டும் பில்லோடு இணைக்க வேண்டும். அப்போது எந்தப் பக்கமும் ஒரு வரிசைக்கு மேல் கிடைக்காது. பெருகுவதற்கு வழியே இல்லை. கீழே ப, உ, வ என்பவை அட்டவணைகளின் சுருக்கப்பெயர்கள்; கோஅலெஸ் என்பது வெற்று மதிப்பு வந்தால் அதற்குப் பதில் 0 வைக்கும்.

வித் உருப்படி_கூட்டு ஆஸ் (
செலக்ட் பில்_ஐடி, சம்(தொகை) ஆஸ் விற்பனை
ஃப்ரம் பில்_உருப்படி
குரூப் பை பில்_ஐடி
),
வரவு_கூட்டு ஆஸ் (
செலக்ட் பில்_ஐடி, சம்(தொகை) ஆஸ் வசூல்
ஃப்ரம் வரவு
குரூப் பை பில்_ஐடி
)
செலக்ட் ப.பில்_ஐடி,
கோஅலெஸ்(உ.விற்பனை, 0) ஆஸ் விற்பனை,
கோஅலெஸ்(வ.வசூல், 0) ஆஸ் வசூல்,
கோஅலெஸ்(உ.விற்பனை, 0) - கோஅலெஸ்(வ.வசூல், 0) ஆஸ் பாக்கி
ஃப்ரம் பில் ப
லெஃப்ட் ஜாயின் உருப்படி_கூட்டு உ ஆன் உ.பில்_ஐடி = ப.பில்_ஐடி
லெஃப்ட் ஜாயின் வரவு_கூட்டு வ ஆன் வ.பில்_ஐடி = ப.பில்_ஐடி

இதை ஓட்டினால் 101-க்கு 3,000, 102-க்கு 16,000, 103-க்கு 0 என்று பேரேட்டில் உள்ளபடியே வரும். கடைசி செலக்ட்டில் சம்மும் இல்லை, குரூப் பையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இணைப்பு முடிந்த பிறகு கூட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாதபடி எழுதுவதே நோக்கம். நாளை சரக்குத் திரும்பி வந்த கணக்கையும் சேர்க்கச் சொன்னால், அதற்கும் ஒரு தனிக் கூட்டு எழுதி அதே பாணியில் இணைத்துவிடலாம். ஏற்கெனவே இருக்கும் எண்கள் அசையாது.

வித் என்று தொடங்கும் இந்த வடிவம் மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. எஸ்க்யூலைட்டில் 3.8.3-இலிருந்து உண்டு. கடையில் இருப்பது பழைய மைஎஸ்க்யூஎல் என்றால், அதே இரண்டு உள்குவெரிகளையும் லெஃப்ட் ஜாயினுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள், விடை ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்றால் அவற்றை இரண்டு தனிக் குவெரிகளாகச் சேமித்து வைத்து, மூன்றாவது குவெரியில் இணைப்பது எளிது. கோஅலெஸ் அங்கே கிடையாது, அதற்குப் பதில் என்இசட் என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு கண்ணியும் உண்டு. குரூப் பையில் இல்லாத நெடுவரிசையைச் செலக்ட்டில் எழுதினால் 5.7-க்கு முந்தைய பதிப்புகள் இயல்பு அமைப்பில் எதிர்ப்புச் சொல்லாது. குழுவிலிருந்து ஏதோ ஒரு வரிசையின் மதிப்பை எடுத்துக் காட்டிவிடும். எஸ்க்யூலைட்டும் இதை அனுமதிக்கிறது. போஸ்ட்கிரெஸ் மறுத்துப் பிழை காட்டும். அந்தப் பிழைச்செய்தி வந்தால் எரிச்சல்படாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றுகிறது.

6. பணம் கொடுக்காதவர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் பாருங்கள்

பாக்கி அறிக்கை யாருக்காக எடுக்கிறோமோ அவர்களே அதில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. வெறும் ஜாயின் போட்டால் வரவே இல்லாத 102-ஆம் பில் சத்தமில்லாமல் மறையும். லெஃப்ட் ஜாயின் போட்டால் இருக்கும். ஆனால் வசூல் நெடுவரிசையில் நல் என்னும் வெற்று மதிப்பு வரும். 16,000-இலிருந்து வெற்று மதிப்பைக் கழித்தால் விடை 16,000 அல்ல, அதுவும் வெற்று மதிப்புதான். மேலே கோஅலெஸ் எழுதியதற்கு இதுவே காரணம்.

லெஃப்ட் ஜாயின் போட்ட பிறகும் மறைவது எப்போது என்றால், வலப்பக்க அட்டவணையின் நிபந்தனையை, குவெரியின் கடைசியில் வரிசைகளை வடிகட்டும் வேர் பகுதியில் எழுதும்போது. திரும்பி வந்த காசோலைகளை நீக்குவதற்காக 'வேர் வரவு.நிலை = ஏற்றது' என்று எழுதினால், வரவே இல்லாத பில்லில் அந்த நிலை வெற்று மதிப்பாக இருப்பதால் நிபந்தனை தோற்று, பில்லே வெளியே போய்விடும். அந்த நிபந்தனையை வரவு_கூட்டுக்கு உள்ளே, குரூப் பைக்கு முன்னால் எழுதுங்கள்.

7. மொத்தமாகக் கொடுக்கும் பணத்தை எப்படிச் சேர்ப்பது

மேலே சொன்னதெல்லாம் ஒவ்வொரு வரவும் ஒரு பில்லைச் சுட்டுகிறது என்ற எண்ணத்தில் சொன்னது. நம் ஊர் மொத்த வியாபாரம் அப்படி நடப்பதில்லை. தீபாவளிச் சரக்கு எடுக்க வரும் வெளியூர்க் கடைக்காரர் பழைய பாக்கியில் 50,000 என்று கொடுத்துவிட்டுப் போவார். அது எந்தெந்தப் பில்லுக்கு என்று அவரும் சொல்லமாட்டார், கேட்பதும் வழக்கமில்லை. அந்த வரவு வாடிக்கையாளரைத்தான் சுட்டும், பில்லை அல்ல. இதை வாடிக்கை_ஐடியால் பில்லோடு இணைத்தால், அவருக்கு ஏழு பில் இருந்தால் அந்த 50,000 ஏழு முறை எண்ணப்படும்.

இதற்கு இரண்டு வழி. பில்வாரியாகப் பாக்கி வேண்டும் என்று கடை கேட்டால், ஒரு வரவில் எவ்வளவு எந்தப் பில்லுக்கு என்று பிரித்து எழுதும் தனி அட்டவணை வேண்டும்; அது இல்லாமல் எந்தக் குவெரியாலும் பில்வாரிப் பாக்கியைச் சொல்ல முடியாது. பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழிப்பது என்று ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவைக் கடைக்காரர் எடுக்க வேண்டும், நீங்கள் குவெரிக்குள் எடுக்கக்கூடாது.

வாடிக்கையாளர்வாரியாகப் பாக்கி போதும் என்றால் வேலை எளிது. பேரேட்டில் பற்றும் வரவும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுவதைப் போலவே எழுதிவிடலாம்:

செலக்ட் வாடிக்கை_ஐடி, சம்(பற்று) ஆஸ் விற்பனை, சம்(வரவு) ஆஸ் வசூல், சம்(பற்று) - சம்(வரவு) ஆஸ் பாக்கி
ஃப்ரம் (
செலக்ட் ப.வாடிக்கை_ஐடி, உ.தொகை ஆஸ் பற்று, 0 ஆஸ் வரவு
ஃப்ரம் பில் ப ஜாயின் பில்_உருப்படி உ ஆன் உ.பில்_ஐடி = ப.பில்_ஐடி
யூனியன் ஆல்
செலக்ட் வாடிக்கை_ஐடி, 0, தொகை
ஃப்ரம் வரவு
) ஏடு
குரூப் பை வாடிக்கை_ஐடி

வரிசைகள் பக்கவாட்டில் கோக்கப்படாமல் கீழே கீழே அடுக்கப்படுவதால் பெருக்கம் என்ற பேச்சே இல்லை. ஆல் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் யூனியன், ஒன்றுபோல் இருக்கும் வரிசைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். சிவகங்கைக் கடையின் இரண்டாவது 4,500 அங்கேயும் காணாமல் போகும். கணக்கர்களிடம் விளக்குவதற்கும் இந்த வடிவமே எளிது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

8. எதைக் கொண்டு இணைக்கிறீர்கள் என்பதை இரண்டு முறை பாருங்கள்

பில் எண்ணைக் கொண்டு இணைக்காதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்திருந்தால் போதும் என்பதால், பல கடைகளில் ஏப்ரல் 1 அன்று எண் மறுபடி 1-இலிருந்து தொடங்குகிறது. இரண்டு ஆண்டுத் தரவு ஒரே அட்டவணையில் இருந்தால் சென்ற ஆண்டின் 101-உம் இந்த ஆண்டின் 101-உம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் ஆண்டு முழுக்கச் சரியாக இருந்த அறிக்கை ஏப்ரலில் திடீரென்று கெட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பில்_ஐடி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நிதியாண்டையும் பில் எண்ணையும் சேர்த்தே ஆன் பகுதியில் எழுதுங்கள்.

வாடிக்கையாளரை 33 என்று தொடங்கும் அவருடைய 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணால் இணைப்பதும் ஆபத்து. ஒரே எண்ணில் தேனியிலும் போடியிலும் கிளை வைத்திருப்பவர் வாடிக்கை அட்டவணையில் இரண்டு வரிசையாக இருப்பார். பெயரால் இணைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'முருகன் ஸ்டோர்ஸ்' என்ற பெயரில் ஊருக்கு ஒரு கடை இருக்கும்.

சந்தேகம் இருந்தால், ஒரே வரிசை கிடைக்க வேண்டிய பக்கத்து அட்டவணையில் (பில், வாடிக்கை போன்றவை) இணைக்கப்போகும் நெடுவரிசையைக் குரூப் பை செய்து 'ஹேவிங் கவுண்ட்(*) > 1' என்று ஓட்டிப் பாருங்கள். ஒரு வரிசைகூட வரக்கூடாது.

9. தேதி வரம்பு

'மார்ச் வசூல் எவ்வளவு தம்பி?' என்று முதலாளி கேட்டால், மார்ச்சில் போட்ட பில்களுக்கு வந்த பணமா, மார்ச்சில் கைக்கு வந்த பணமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்னதுக்குப் பில் தேதியில் வரம்பு. பின்னதுக்கு வரவுத் தேதியில் வரம்பு. ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த பாக்கி வேண்டும் என்றால் இரண்டு கூட்டுகளுக்குள்ளும் அந்த நாள் வரை என்ற வரம்பைத் தனித்தனியாகப் போட வேண்டும்.

வரம்பை எழுதும்போது பிட்வீன் வேண்டாம். தேதியோடு மணியும் சேர்ந்து பதிவாகும் நெடுவரிசையில் மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று பிட்வீன் எழுதினால், மார்ச் 31 பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கே வரம்பு முடிந்துவிடும். நிதியாண்டின் கடைசி நாள் வியாபாரம் முழுவதும் வெளியே நிற்கும். மார்ச் 1-க்குச் சமம் அல்லது பெரிது, ஏப்ரல் 1-ஐவிடச் சிறிது என்று எழுதுங்கள். தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 அதிகாலை 5.30-க்கு முன்னால் யூபிஐயில் வந்த பணம், அங்கே மார்ச் 31 என்றே பதிவாகியிருக்கும்.

10. எண்ணிக்கையும் சராசரியும்

வரவோடு லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டுக் கவுண்ட்(*) எழுதினால் வரவே இல்லாத பில்லுக்கும் 1 என்று வரும். கவுண்ட்(வரவு_ஐடி) என்று எழுதினால் 0 வரும். சராசரி இன்னும் நுட்பமாக ஏமாற்றும். நம் மூன்று பில்களின் சராசரி மதிப்பு 40,000-ஐ 3-ஆல் வகுத்த 13,333. பில் தலைப்பில் உள்ள மொத்தத்தை உருப்படியோடு இணைத்துச் சராசரி எடுத்தால் 14,333 வரும். ஒரு பில்லில் எத்தனை உருப்படிகளோ, அந்தப் பில் அத்தனை முறை எண்ணப்பட்டுவிட்டது. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

தொகை நெடுவரிசையின் வகையையும் ஒரு முறை பாருங்கள். தசம வகையாக இருக்க வேண்டும். மிதவைப் புள்ளி வகையில் பைசா நழுவும். எஸ்க்யூலைட்டில் தனியாகத் தசமச் சேமிப்பு வகை இல்லாததால் பைசாவாக முழு எண்ணில் வைப்பது நல்லது.

11. அறிக்கையைக் கையில் கொடுக்கும் முன்

உருப்படி அட்டவணையை மட்டும், எந்த ஜாயினும் இல்லாமல், அதே தேதி வரம்பில் கூட்டுங்கள். வரவு அட்டவணையை மட்டும் அதேபோல் கூட்டுங்கள். இந்த இரண்டு எண்களும் அறிக்கையின் அடியில் உள்ள விற்பனை, வசூல் எண்களோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பாக்கி ஒத்துப்போவது மட்டும் போதாது என்பதை மேலே பார்த்தோம். வரம்புக்குத் தேதி பில்லில்தான் இருக்கிறது என்றால், உருப்படியைப் பில்லோடு மட்டும் இணைக்கலாம். அது பெருக்காத திசை.

அறிக்கையில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணி, பில் அட்டவணையில் அதே வரம்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கூடினால் எங்கோ பெருகியிருக்கிறது. குறைந்தால் எங்கோ ஜாயின் விழுங்கியிருக்கிறது. பிறகு, முதல் படியில் எடுத்துவைத்த மூன்று பில்களைப் பேரேட்டுப் பக்கத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒட்டுமொத்த எண்கள் ஒத்து, மூன்றில் ஒன்று மட்டும் ஒத்துவராவிட்டால், குவெரியைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த வரவு தவறான பில்லில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

12. செலவும் நேரமும்

மென்பொருளுக்குச் செலவு இல்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் சமூகப் பதிப்பு, எஸ்க்யூலைட், அதைத் திறந்து பார்க்க உதவும் டிபி பிரவுசர் எல்லாமே இலவசம். செலவாவது தவறான எண்ணால்தான். சேலைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. 40,000 விற்பனைக்கு 2,000 கட்ட வேண்டிய கடை, 64,000 என்று வந்த அறிக்கையை நம்பினால் 3,200 கட்டும். எதிர்த்திசையில், பில்கள் விழுங்கப்பட்டுக் குறைவாகக் கட்டினால், பிறகு அந்தக் குறைவுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி சேரும்.

மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடைக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்) 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஆகையால் மாதம் முடிந்த முதல் வாரத்திலேயே அறிக்கையை எடுத்து, கணக்கரும் ஆடிட்டரும் பார்க்க இரண்டு மூன்று நாள் விடுங்கள். 10-ஆம் தேதி இரவு எடுத்தால் சரிபார்க்க யாருக்கும் பொழுது இருக்காது.

குவெரி மெதுவாக ஓடினால், உருப்படி, வரவு இரண்டு அட்டவணைகளிலும் பில்_ஐடிக்குத் தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்னும் சேமிப்பு அமைப்பு, அயல் சாவி (வேறு அட்டவணையைச் சுட்டும் நெடுவரிசை) அறிவிக்கும்போதே இண்டெக்ஸைத் தானே உருவாக்கிக்கொள்ளும்; போஸ்ட்கிரெஸ் உருவாக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். இண்டெக்ஸ் உருவாக்கும் வேலையைக் கடை அடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் போடும்போது அந்த அட்டவணையில் புதிதாக எழுதுவது நின்றுவிடும், பில் போட முடியாது.

அறிக்கையை அச்சிடும்போது அதன் தலைப்பில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, எந்தத் தேதியை வைத்து எந்த வரம்பு, திரும்பி வந்த காசோலையும் திரும்பி வந்த சரக்கும் கழிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா. குவெரியையும் அதே தேதியிட்ட கோப்பாகச் சேமித்து, காப்பு நகலோடு வைத்துவிடுங்கள்.